வாட்கின்ஸ் கிளென்: தடம் ரெடி, ஆளைக் காணோம்

செனெகா ஏரியின் தென்கோடியில் இருக்கிறது வாட்கின்ஸ் கிளென். நியூயார்க் மாநிலத்துச் சின்ன ஊர். வருகிறவர்களில் பெரும்பாலோர் நேராகப் பள்ளத்தாக்குக்குப் போவார்கள். பாறையை அறுத்துக்கொண்டு ஓடும் ஓடை, 19 அருவிகள், படிக்கட்டுகள், போட்டோ. எங்களுக்கு அதற்கு நேரமில்லை. எங்கள் வண்டிக்குப் பின்னால் டிரெய்லரில் ஒரு ஃபார்முலா வீ ரேஸ் கார் கட்டப்பட்டிருந்தது.

கார் என் நண்பருடையது. வயதில் மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வாரநாளில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர், சில வாரக்கடைசிகளில் தீப்பிடிக்காத உடுப்பை மாட்டிக்கொண்டு ரேஸ் ஓட்டப் போய்விடுவார். பரிசுப் பணம் கிடையாது. சொந்தக் கார், சொந்தச் செலவு. ஜெயித்தால் ஒரு கோப்பை, சில நேரம் அதுவும் மரப்பலகைதான். நான் அவருக்கு எடுபிடி: டயரில் காற்று பார்ப்பது, வீல் போல்ட் இறுக்குவது, பெட்ரோல் கேன் தூக்குவது.

வெள்ளி மதியம் மலைமேல் இருக்கும் ரேஸ் டிராக்கில் காரை இறக்கி வைத்துவிட்டு, சாயங்காலம் ஊருக்குள் இறங்கி வந்தோம். பழைய தடத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று அண்ணனுக்கு ரொம்ப நாள் ஆசை. இங்கே முதல் ரேஸ் நடந்தது பொதுச்சாலையில். 1948 அக்டோபர் 2. கேமரன் ஆர்கெட்சிங்கர் என்ற சட்டக் கல்லூரி மாணவர் 6.6 மைலுக்கு ஒரு சுற்று வரைந்து, ஊர்க்காரர்களைச் சம்மதிக்க வைத்தார். ஃபிராங்க்ளின் தெருவில், நீதிமன்றக் கட்டடத்துக்கு முன்னால் தொடக்கக் கோடு. அங்கிருந்து மலையேறி, காட்டு வழியாக வளைந்து, கல்பாலம் தாண்டி, ரயில் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து மறுபடி ஊருக்குள் இறங்க வேண்டும். ரேஸுக்காக ரயிலை நிறுத்தி வைத்தார்களாம். ஃபிராங்க் கிரிஸ்வோல்ட் ஆல்ஃபா ரோமியோவில் ஜெயித்தார். பிரிக்ஸ் கன்னிங்ஹாம் இரண்டாவது. பில் மில்லிக்கன் என்ற பொறியாளர் கடைசித் திருப்பத்தில் தன் புகாட்டியைக் கவிழ்த்துவிட, அந்த முனைக்கு மில்லிக்கன் கார்னர் என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. ஜெயித்தவர் பெயரில் ஒரு முனையும் இல்லை, கவிழ்ந்தவர் பெயரில் இருக்கிறது. எனக்கு இந்த ஊர் பிடித்துப்போக அது போதும்.

அந்தச் சாலைகளில் இன்றைக்கும் யாரும் ஓட்டலாம். வேக வரம்புக்குள் போனால் போதும். கல்பாலத்துக்கு முந்தைய இறக்கத்தில் அண்ணன் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. "இதுல எப்படிடா ஓட்டுனானுங்க? ரெண்டு பக்கமும் மரம்!" ஓட்டியவர்கள் எல்லாம் நம்மைப் போன்ற வாரக்கடைசி ஆசாமிகள்தான். 1944-ல் தொடங்கிய எஸ்சிசிஏ என்ற ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பின் உறுப்பினர்கள். 1952-ல் கூட்டத்துக்குள் கார் உரசி ஒரு சிறுவன் இறந்த பிறகு ஊருக்குள் ரேஸ் நின்றது. மலைமேல் நிரந்தரத் தடம் வந்தது 1956-ல். 1961 முதல் 1980 வரை ஃபார்முலா ஒன் அங்கேதான் நடந்தது.

சனிக்கிழமை காலை பேடாக்கைப் பார்த்ததும் அண்ணனுக்கு முகம் தொங்கிப்போனது. கார்களையும் டிரெய்லர்களையும் நிறுத்தும் அந்த மைதானத்தில், நெருக்கிப் பிடித்தால் நூற்றுக்கணக்கில் நிறுத்தலாம். எங்களுக்கு இடப்பக்கம் காலி. வலப்பக்கம் இரண்டு இடம் தள்ளி ஒரு கூடாரம். அதற்கப்புறம் வெறும் தார். வழக்கமாகக் கழிப்பறைக்கு அருகில் இடம் பிடிக்க வியாழக்கிழமையே சண்டை நடக்கும் என்பார். அன்றைக்கு எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். வீ வகுப்பில் மொத்தம் நான்கு கார்.

நான்கு என்பது ஏன் பிரச்சினை என்று எனக்கு முதலில் புரியவில்லை. ஆள் குறைந்தால் ஜெயிப்பது சுலபம்தானே என்று கேட்டுவிட்டேன். அண்ணன் பதில் சொல்லாமல் காரின் மூக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஃபார்முலா வீ என்பது 1963-ல் எஸ்சிசிஏ ஏற்றுக்கொண்ட வகுப்பு. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் 1200 சிசி எஞ்சின், அதன் கியர்பாக்ஸ், அதன் முன்பக்க ஆக்ஸில், டிரம் பிரேக். காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் இறக்கை கிடையாது. பின்னாளில் ஃபார்முலா ஒன் சாம்பியன் ஆன நிக்கி லாடாவும் கெகே ராஸ்பெர்க்கும் இந்த மாதிரிக் கார்களில் ஓட்டிப் பழகியவர்கள்தான். சக்தி குறைவு என்பதால் காற்றுதான் எதிரி. முன்னால் ஒரு கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால் பின்னால் ஒட்டிப் போகிறவருக்கு வேகம் கூடும். அது மட்டுமில்லை, ஒட்டிக்கொண்டு போகும் இரண்டு கார் சேர்ந்து, தனியாக ஓடும் ஒன்றைவிட வேகமாகப் போகும். ஆகவே வீயில் பக்கத்தில் ஆள் இல்லையென்றால் அலுப்பு மட்டுமில்லை, ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமே கெட்டுவிடும். எதிராளி உங்கள் எஞ்சினில் ஒரு பகுதி என்றே சொல்லலாம்.

அடுத்த சங்கடம், குழு. ஆள் நிறைய வந்தால் ஒவ்வொரு வகை காருக்கும் தனி நேரம் கிடைக்கும். குறைந்தால் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அன்றைக்கு சக்கரம் வெளியே தெரியும் கார்கள் எல்லாம் ஒரே குழு. இறக்கை வைத்த வேகமான கார்கள் நேர்பாதையில் வீக்களைத் தாண்டும்போது, நின்றுகொண்டிருக்கிற லாரியைப் பஸ் தாண்டுவது மாதிரி இருந்தது. வேகமானவருக்குப் பயம், மெதுவானவருக்குக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்தே கழுத்து வலி. இப்படி ஒருமுறை ஓட்டியவர் அடுத்த தடவை யோசிப்பார். ஆள் குறைவு என்பதே இன்னும் ஆளைக் குறைக்கிறது.

செலவும் அப்படித்தான். தடத்தின் வாடகை, ஆம்புலன்ஸ், தீயணைப்பு, இழுவை வண்டி, காப்பீடு எதுவும் ஐம்பது கார் வந்தாலும் இருநூறு வந்தாலும் பெரிதாக மாறாது. தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால், வராதவர் பங்கு வந்தவர் தலையில் விழுகிறது.

ரேஸ் ஓட்டும் ஆசை போய்விட்டது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். ஆசை வேறு இடங்களுக்குப் பிரிந்து போயிருக்கிறது. 2006-ல் லெமன்ஸ் என்ற ஓட்டைக்கார் நீள்பந்தயம் வந்தது. ஐந்நூறு டாலர் கார் என்பது அதன் விளம்பரம். பாதுகாப்புச் சாமான்கள் அந்தக் கணக்கில் சேராது. நான்கு நண்பர்கள் ஒரு காரைப் பகிர்ந்துகொண்டு மணிக்கணக்கில் ஓட்டலாம். கிளப் ரேஸில் தனியாகக் கார் கட்டி, டிரெய்லர் வாங்கி, பகல் முழுக்கக் காத்திருந்து, அரைமணி நேரம் ஓட்டுகிறீர்கள். சாதாரணமாகக் கணக்குப் போடுகிறவர் எந்தப் பக்கம் போவார்? போட்டியே இல்லாமல் சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் டிராக் நாட்கள் இருக்கின்றன. வீட்டில் ஸ்டீயரிங் மாட்டி ஐரேசிங் என்ற கம்ப்யூட்டர் ரேஸ் விளையாடினால் சுவரில் முட்டினாலும் ஒரு பைசா போகாது. இதற்கு மேல், தேதி காலாவதியாகும் சீட் பெல்ட், புது ஹெல்மெட், 2012 முதல் எஸ்சிசிஏ கட்டாயமாக்கிய கழுத்துப் பாதுகாப்புக் கருவி. பாதுகாப்பில் கைவைக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இருபத்தைந்து வயதுக்காரன் ஒருவன் இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் வாசலிலேயே திரும்பிவிடுவான். பேடாக்கில் நான் பார்த்த தலைகளில் பாதி நரைத்தது, மீதி வழுக்கை.

ஆள் பஞ்சம் ஓட்டுகிறவர்களோடு நிற்கவில்லை. கொடி காட்டவும் ஆள் போதவில்லை. மதியம் ஒலிபெருக்கியில் அழைத்தார்கள். சும்மா நிற்கிறோமே என்று நான் போய்ப் பெயர் கொடுத்தேன். உறுதிமொழிக் காகிதத்தில் கையெழுத்து, காதடைப்பான், ஒரு சின்ன வகுப்பு. நான் சிவப்புச் சட்டை போட்டிருந்தேன். "கழற்றுங்கள்" என்றார் பொறுப்பாளர். தூரத்தில் வருகிறவர் கண்ணுக்குச் சிவப்பும் மஞ்சளும் கொடியாகத் தெரியும். யாரோ கொடுத்த வெள்ளைச் சட்டை எனக்கு முழங்கால் வரை வந்தது.

'பூட்' (காலணி) என்று அழைக்கப்படும் நீட்டிப்புப் பகுதியில், அதன் கால்விரல் நுனி மாதிரியான திருப்பத்தில் என்னை நிறுத்தினார்கள். கூட ஒரு அம்மா. பல வருஷமாகக் கொடி பிடிப்பவர், பேச்சு குறைவு. அவர் வருகிற கார்களைப் பார்த்தபடி நின்றார். நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தாண்டிப்போன கார்களைப் பார்க்க வேண்டும். யாராவது தடம் விட்டுப் புல்லுக்குப் போனால் சத்தம் போட வேண்டும், அவர் மஞ்சளை எடுப்பார். அசையாத மஞ்சள் என்றால் ஆபத்து, வேகம் குறை, முந்தாதே. அசைத்தால் பெரிய ஆபத்து. வெள்ளைக் கொடி டிவியில் கடைசிச் சுற்றுக்குக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே அது முன்னால் மெதுவான வண்டி போகிறது என்று அர்த்தம். நீலம் வெறும் தகவல்: பின்னால் வேகமானவர் வருகிறார், பார்த்துக்கொள். ஒதுங்கு என்கிற கட்டளை இல்லை. அது தெரியாமல் சண்டை போடும் டிரைவர்கள் நிறைய என்று அந்த அம்மா சிரித்தார். அன்றைக்கு அவர் கையில் அதிகம் ஆடியது அந்த நீலம்தான்.

ஞாயிறு ரேஸுக்கு மறுபடி அதே திருப்பம். வேகமான கார்கள் கடந்துபோன பிறகு நீண்ட மௌனம். அப்புறம் பீட்டில் எஞ்சினின் படபடப்பு. நான்கு வீக்களில் ஒன்று எண்ணெய் ஒழுகி நின்றுவிட, மூன்று பாக்கி. முதலாமவர் தனியாகப் போய்விட்டார். அண்ணனும் இன்னொருவரும் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு சுற்றில் அண்ணன் முன்னால், அடுத்ததில் பின்னால். பின்சக்கரம் லேசாக வழுக்க, ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்துக்கொண்டே அவர் திரும்பும்போது ஹெல்மெட் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இரண்டு காருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கவும் இடமில்லை. இருபது நிமிஷத்துக்கு மேல் இதே கதை. கடைசியில் அண்ணன் மூன்றாவது, அதாவது கடைசி. ஹெல்மெட்டைக் கழற்றும்போது வாயெல்லாம் பல்.

ரேஸ் முடிந்து மூன்று பேரும் எங்கள் கூடாரத்துக்கு அடியில் உட்கார்ந்தார்கள். முதலில் வந்தவர்தான் அதிகம் குறைப்பட்டார். "யாருமே பக்கத்தில் இல்லை, வேலைக்குக் கார் ஓட்டிப்போன மாதிரி இருந்தது" என்றார். பேச்சு போகப்போகத்தான் விஷயம் வெளியே வந்தது. சுற்றுவட்டாரத்தில் ஓடுகிற நிலையில் வீ கார் வைத்திருக்கிறவர்கள் இன்னும் பத்துப் பேராவது இருப்பார்கள் என்றார்கள். பெயர் கொடுத்தவர்கள் பட்டியல் இணையத்தில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பெயர்தான் இருக்கிறதா, சரி, அடுத்த வாரம் பார்ப்போம் என்று அத்தனை பேரும் தள்ளிப்போடுகிறார்கள். அடுத்த வாரமும் இரண்டுதான் இருக்கும். அண்ணனே கடைசி நாளில்தான் பெயர் கொடுத்தார் என்பது எனக்குத் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

கட்டணத்தைக் குறைத்தால் கூட்டம் வரும் என்றார் ஒருவர். எனக்கு நம்பிக்கையில்லை. இவ்வளவு தூரம் டிரெய்லர் இழுத்து வருகிறவருக்குக் கட்டணம் மொத்தச் செலவில் ஒரு பகுதிதான். டீசல், டயர், தங்கும் அறை, லீவு எல்லாம் சேர்த்து அவர் வாங்குவது பக்கத்தில் உரசிக்கொண்டு ஓட இன்னொரு காரை. அது கிடைக்கும் என்று தெரிந்தால் வருவார். அண்ணன் அன்றைக்குக் கடைசியாக வந்தும் சிரித்ததைப் பார்த்த பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

எண்ணெய் ஒழுகி நின்றவரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அடுத்த பதிவு திறக்கிற அன்றைக்கே நால்வரும் பெயர் கொடுத்துவிடுவது, ஆளுக்கு ஒரு பழைய வீக்காரருக்கு போன் செய்து பட்டியலைப் பார்க்கச் சொல்வது என்று முடிவானது. அண்ணனுக்குக் கிடைத்தது ரிட்டயர் ஆகி, காரைக் கொட்டகையில் மூடி வைத்திருக்கும் ஒருவரின் நம்பர். திரும்பும் வழியில் பெட்ரோல் போட நின்றபோதே போன் போட்டுவிட்டார். அந்த மனுஷன் கேட்ட முதல் கேள்வி, "இதுவரைக்கும் எத்தனை பேர்?"

"உங்களோட சேர்த்து அஞ்சு" என்றார் அண்ணன்.