காட்டக் கூடாதவற்றிலிருந்து தொடங்கினோம்

கோத்தகிரிக்குக் கீழே, கிழக்குச் சரிவில், இருளரும் குறும்பரும் சேர்ந்து வாழும் ஒரு சின்ன ஊர். அந்த ஊராரோடு கூட்டாக ஒரு பகல்நேரச் சுற்றுலா நடத்தி வருகிறோம். நான் அந்த ஊர்க்காரன் இல்லை; மேட்டுப்பாளையத்தில் பயண ஏற்பாட்டுத் தொழில் செய்பவன். பழங்குடி ஊர்களில் இப்படித் தொடங்க நினைப்பவர்கள் விவரம் கேட்டுக்கொண்டே இருப்பதால், நடந்ததை எழுதுகிறேன்.

அழைப்பு ஊரிலிருந்துதான் வந்தது. மகளிர் குழுவினர் சாமை, மிளகு, காப்பி என்று விளைந்ததைச் சந்தையில் விற்றுவந்தார்கள். இதற்கிடையே, காரை நிறுத்திவிட்டு ஊருக்குள் நுழைந்து, யாரையும் கேட்காமல் படம் பிடித்துப் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். "வர்றவங்க எப்படியும் வர்றாங்க. நாங்க சொல்ற மாதிரி வரட்டுமே தம்பி" என்றார் குழுத் தலைவி அக்கா. அதற்கு முன்பே ஒரு விடுதிக்காரர், வார இறுதிகளில் முற்றத்தில் இலைதழை கட்டிக்கொண்டு ஆட ஆள் கேட்டிருக்கிறார். ஊர் மறுத்துவிட்டது. அந்தமானில் ஜாரவா பழங்குடி மக்களைச் சாலையோரம் ஆட வைத்து எடுத்த காணொலி 2012-ல் வெளிவந்தபோது நாடே கொந்தளித்தது. அதே ஆசை இங்கே விடுதி முற்றம்வரை வந்து நிற்கிறது என்பது எனக்குப் பெரிய வேதனை.

அதனால் என்னென்ன காட்டலாம் என்ற பேச்சை நான் எடுக்கவே இல்லை. எதையெல்லாம் காட்டக் கூடாது என்பதிலிருந்து ஆரம்பித்தோம்.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இங்கே நன்றாகக் கைகொடுத்தது. காட்டையும் உயிரினங்களையும் சார்ந்த மரபறிவின் மீது சமூகத்துக்கு உரிமை உண்டு, தன் பண்பாட்டைக் காக்கும் அதிகாரம் கிராம சபைக்கு உண்டு என்று அது சொல்கிறது. அந்தச் சபையில் ஊரின் வயதுவந்தோரில் பாதிப்பேராவது கூட வேண்டும், கூடியவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். சுற்றுலாவுக்கென்று தனி விதி எதுவும் இல்லாததால், ஊரார் இதே அளவைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். ஆட்கள் குறைந்த நாட்களில் கூட்டம் தள்ளிப்போனது. அவசரப்படுபவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது.

ஒரு கூட்டத்தில், சமுதாயக்கூடத்துத் தரையில் அடுப்புக்கரியால் ஊரை வரைந்தார்கள். வீடுகள், தோட்டம், ஓடை, கோயில், மூதாதையர் கல் வைத்திருக்கும் இடம். விருந்தினர் நடக்கும் பாதையை ஓர் இளைஞர் ஊற்று வழியாக இழுத்தார். மூலையில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் எழுந்து வந்து, அந்தக் கோட்டை உள்ளங்கையால் அழித்துவிட்டு, காப்பித் தோட்டத்தைச் சுற்றி வேறு கோடு போட்டார். யாரும் காரணம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் விருந்தினர் நடப்பது அந்தப் பாதையில்தான்.

தேன் எடுப்பதைக் காட்டினால் கூட்டம் அள்ளும் என்று வெளியாட்கள் பலர் எனக்கு யோசனை சொன்னார்கள். பாறைத்தேன் எடுக்கப் போகிறவர்கள் அதற்கு முன் விரதம் இருக்கிறார்கள், தேனீக்களைப் பார்த்துப் பாடுகிறார்கள். பாறை உச்சியிலிருந்து கொடியில் இறங்குகிறவனின் உயிர் மேலே பிடித்திருக்கும் மைத்துனன் கையில் இருக்கிறது. "வேடிக்கை பாக்க ஆள் நின்னா பிடிக்கிறவன் கவனம் சிதறும்" என்றார் ஊர்த் தலைவரான மூப்பர். காட்டக் கூடாதவற்றின் பட்டியலில் முதல் வரி அதுதான். கோயில், ஊற்று, கல், சாவு வீடு என்று மற்றவை அடுத்தடுத்து வந்தன. எங்கள் ஒப்பந்தத்தின் முதல் பக்கமே இந்தப் பட்டியல். பணக் கணக்கு அதற்குப் பின்னால்தான் வருகிறது. பட்டியலில் எதை வேண்டுமானாலும் சேர்க்கும் உரிமை ஊருக்கு மட்டுமே.

பணத்தில் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். முன்பதிவுத் தொகை நேராக மகளிர் குழுவின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். நம் பங்கு அங்கிருந்து நமக்கு வரட்டும். அன்று வேலை செய்தவர்களுக்கு ஒரு பகுதி, ஊர்ப் பொதுநிதிக்கு ஒரு பகுதி, எனக்கு ஒரு பகுதி. கணக்கை மாதாமாதம் சபையில் உரக்க வாசிக்கிறார்கள். ஊரில் சிக்னல் கிடைக்காததால் ஜிபே வேலை செய்யாது. அங்கே வாங்கும் பொருட்களுக்கு ரொக்கம், ரசீதுப் புத்தகம்.

அலுவலகப் பக்கம் அலைச்சல் இருந்தது. சமைத்துப் பரிமாறுவதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறுதொழில் பதிவு செய்தோம். அப்போது அதற்குக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். இரவு தங்கல் வேண்டாம் என்று ஊரே முடிவெடுத்தது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை இணையத்தில் அரசிடம் பதிய வேண்டும், சிக்னல் இல்லாத ஊரில் அது நடக்காது. அதைவிட முக்கியம், அந்தி சாய்ந்தால் பாதைக்கு யானையும் காட்டுமாடும் வந்துவிடும். காட்டுக்குள் நடைப்பயணமும் கிடையாது. 2018 மார்ச்சில் குரங்கணித் தீ 23 பேரைக் காவு வாங்கிய பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது, வைக்கவும் கூடாது.

அப்படியானால் விருந்தினர் என்னதான் செய்கிறார்கள்? தோட்டத்தில் மிளகுக் கொடியைப் பார்க்கிறார்கள். உலக்கை பிடித்துச் சாமை குத்துகிறார்கள், கொஞ்ச நேரத்தில் கை கொப்பளித்துவிடுகிறது. அந்தச் சாமைச் சோற்றைக் கீரையோடு சாப்பிடுகிறார்கள். குறும்பர் ஓவியம் வரையும் பெரியவர் ஒருவர் வேங்கை மரத்தின் சிவந்த பிசினைத் தொட்டுக் காகிதத்தில் கோடிழுக்கும்போது, அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட அமைதியாகிவிடுவார்கள். ஆட்டமும் பாட்டும் அன்றைய நிகழ்ச்சியில் இல்லை. ஊருக்குத் தோன்றினால் குழலும் பறையும் வெளியே வரும்.

ஒருநாள் விருந்தினர் ஒருவர் குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருந்த பெண்ணை நோக்கி செல்போனைத் தூக்கினார். வழிகாட்டியாக வந்த கல்லூரிப் பெண், "அண்ணா, கேட்டுட்டு எடுங்க. அவங்க வேணாம்னா விட்டுடுங்க" என்றாள். குரல் உயரவில்லை. அவர் போனை பையில் போட்டுவிட்டார். இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அது.

முன்பதிவுப் பேரேட்டை அடுத்த சித்திரை முதல் ஊரே வைத்துக்கொள்வதாகப் பேச்சு நடக்கிறது. வழிகாட்டியான அந்தக் கல்லூரிப் பெண்ணும் அவள் தோழியும் என் அலுவலகத்துக்கு வந்து பழகுகிறார்கள். பேரேடு ஊர் கைக்குப் போனதும் என் பங்கும் குறையும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. கூட்டுறவுச் சங்கமாகப் பதிய வேண்டும் என்கிறார்கள் இளைஞர்கள், மகளிர் குழுவே போதும் என்கிறார் மூப்பர். கடனுக்கும் வரிக்கணக்குக்கும் சங்கம்தான் வசதி என்று என் கருத்தைச் சபையில் சொல்லிவிட்டேன். மழை விட்டதும் கூடும் சபையில் முடிவெடுப்பார்கள்.