மொனிட்டர் தட்டு வாங்கப்போய் பட்ட பாடு

மேசைமேல் மொனிட்டரை வைக்க ஒரு தட்டு வாங்க யோசிக்கிறீர்களா? காசு கொடுக்க முதல் உள் உயரத்தை, அதாவது தட்டுக்குக் கீழே கீபோர்ட் போக மிஞ்சும் இடைவெளியைக் கேளுங்கள். என்னை இவ்வளவு அலைய வைத்தது அந்த ஓர் அளவுதான்.

ஒன்லைன் விளம்பரத்தில் ‘உயரம் 8 சென்ரிமீற்றர், அசல் மரம்’ என்று போட்டிருந்தார்கள். வந்ததை அளந்தால், அந்த 8 மேல் பரப்பு வரைக்குமான கணக்கு. பலகையின் தடிப்பையும் முன்பக்கச் சட்டத்தையும் கழித்தால் கீழே மிஞ்சியது மூன்றரை. என் கீபோர்டின் பின்பக்கமே நான்குக்கு மேல்! அசல் மரமும் இல்லை. திருப்பிப் பார்த்தேன். திருகாணித் துளையின் ஓரத்தில் மரக்கோடு அச்சடித்த தாள் கிழிந்திருந்தது. நகத்தால் சுரண்ட, தூள் பொலபொலவென்று உதிர்ந்தது. மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை. ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் ஊதிவிடும், பிறகு பழைய நிலைக்கு வராது. வெள்ளவத்தைக் கடற்காற்றில் அது எத்தனை நாளைக்கு?

திருப்பி எடுக்கச் சொன்னால், “பெட்டியைத் திறந்துவிட்டீர்கள்தானே” என்றார்கள். திறக்காமல் எப்படி அளப்பது? பில்லும் தரவில்லை. 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும். அதைச் சொல்லி, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழைக்கப்போகிறேன் என்றதும்தான் குரல் இறங்கியது. பொருளின் காசு வந்தது, டெலிவரிக் காசு வரவில்லை. வாங்கும்போதே விளம்பரத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். நான் புகார் சொன்ன பிறகு அந்த விளம்பரத்திலிருந்த ‘அசல்’ காணாமல் போய்விட்டது.

அப்புறம் புறக்கோட்டை. கொளுத்தும் வெயிலில் கடை கடையாக ஏறினேன். இரும்பு வலைத் தட்டுகள் நிறைய இருந்தன, விலையும் பரவாயில்லை, ஈரத்தில் ஊதவும் மாட்டாது. ஆனால் பார்த்த எல்லாமே 20 சென்ரிமீற்றர் அகலம். என் மொனிட்டரின் அடிப்பாகம் 22. சற்று அகலமாகத் தெரிந்த ஒன்றைக் காட்டி, “நானா, ஒருக்கா பிரிச்சு அளந்து பார்க்கலாமா?” என்று கேட்டேன்.

“பிரிச்சா வேற ஆள் வாங்க மாட்டாங்க தங்கச்சி.”

அளக்க விடாத கடையில் அளவுச் சாமான் வாங்கக் கூடாது. வெறுங்கையோடு திரும்பினேன்.

கடைசியில் 101 பஸ் ஏறி மொறட்டுவைக்குப் போனேன். அங்கிருந்த தச்சுப் பட்டறை பாஸ் முதலில் கேட்டதே, மேலே எவ்வளவு பாரம், கீழே என்ன வைப்பீர்கள் என்றுதான். ஒரு கடையிலும் யாரும் கேட்காத கேள்வி. மனசு குளிர்ந்துவிட்டது. பலா மரம் என் கைக்கு எட்டவில்லை. 18 மில்லிமீற்றர் பிளைவூட்டில், வெட்டு ஓரங்களுக்கு மரப்பட்டி ஒட்டிச் செய்யலாம் என்றார். 90 சென்ரிமீற்றர் நீளத்துக்கு நடுவிலும் ஒரு கால் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அவர் சொன்னது சரி. நடுவில் பாரம் வைத்தால், கால்களுக்கு இடையிலான நீளம் இரண்டு மடங்காகும்போது பலகை வளைவது எட்டு மடங்காகும். கடையில் விற்கிற நீளத் தட்டுகளில் இந்த நடுக்காலைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்.

உயரத்தை மட்டும் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். மொனிட்டருக்குக் கீழே புத்தகங்களை அடுக்கி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கோ கொஞ்சம் கீழேயோ வரும்வரை பாருங்கள். இரட்டைப் பார்வைக் கண்ணாடி போடுபவர்களுக்கு இன்னும் தாழ்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழுத்துப் பிடித்துக்கொள்ளும். அப்படி அடுக்கிப் பார்த்து, அந்த உயரத்தில் பலகையின் தடிப்பைக் கழித்துத்தான் உள் உயரம் 10 சென்ரிமீற்றர் என்று எழுதிக் கொடுத்தேன்.

இப்போது கீபோர்ட் முழுதாக உள்ளே போகிறது, வயர்கள் நடுக்காலுக்குப் பின்னால் மறைந்துவிட்டன. மேசையைப் பார்க்கவே அவ்வளவு சந்தோசம்.

ஒன்று மட்டும் கவனம். சொன்ன நாளைக்குக் கொடுக்க வேண்டும் என்று பட்டறையில் வார்னிஷ் சரியாகக் காய முன்னரே தந்துவிட்டார்கள். விரலால் அழுத்தினால் ரேகை பதிந்தது. அப்படி இருந்தால் மொனிட்டரை ஏற்றாதீர்கள், அடியிலுள்ள ரப்பர் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். காற்றோட்டமான இடத்தில் வைத்து, வாசனை போய், ரேகை பதியாத வரைக்கும் காயவிடுங்கள்.