ஒரு முழம்

ஒத்தக்கடையில் பூக்கார அம்மா முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை மல்லிகைச் சரத்தைப் பிடித்து அளந்தார். சரியாக ஒரு முழம். அப்புறம் கொசுறாக இரண்டு கண்ணி.

எதிரே யானைமலை. "இது எப்பவும் இங்கேயேதான் படுத்திருக்குமாப்பா?" என்றாள் மகள். அவளுக்கு வயது 9.

இல்லை. பூமியின் மேலோடு பெரிய பெரிய பாறைத் தட்டுகளால் ஆனது. அதில் நம்மைச் சுமக்கும் இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடகிழக்காக நகர்கிறது.

மனக்கணக்குப் போட்டேன். 9 ஆண்டுக்கு 45 செ.மீ. அவள் பிறந்த நாளிலிருந்து யானைமலை, மீனாட்சி கோயில் கோபுரங்கள், வைகை, எங்கள் வீடு எல்லாமே ஒன்றாக ஒரு முழம் போயிருக்கின்றன! பூச்சரத்தை நீட்டி, "இவ்வளவு தூரம்" என்று காட்டினேன்.

ஒருகாலத்தில் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அண்டார்டிகாவோடு ஒட்டியிருந்த நிலம் நம்முடையது. பிரிந்து, கடலைக் கடந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் மோதியது. அந்த மோதலில் மடிந்து எழுந்ததுதான் இமயமலை.

மோதல் இன்னும் ஓயவில்லை. நாம் இங்கே அலுங்காமல் போகும் ஒவ்வொரு முழத்துக்கும் வடக்கே பாறைகள் நெரிபடுகின்றன. நெடுங்காலம் அடக்கிவைத்த இறுக்கம் ஒரு நொடியில் விடுபட்டால் நிலநடுக்கம். 2015 ஏப்ரலில் நேபாளத்தில் கிட்டத்தட்ட 9,000 பேர் இறந்துபோனார்கள். நம் கால் அடியில் இருக்கும் அதே தட்டின் விளிம்பில்தான் அது நடந்தது. நினைத்தால் மனசு கனக்கிறது.

மகள் மலையடிவாரத்துப் பாறையில் உள்ளங்கையை வைத்தாள். வெயில் சூடு இன்னும் இறங்கவில்லை.

"நகருற மாதிரியே தெரியலைப்பா" என்றாள். ஆனாலும் கையை எடுக்கவில்லை.