முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவரின் பெட்டிகளும் பிளாப்பிகளும்

எங்கள் மாவட்டத்தில் சட்டமன்ற உறுப்பினராக இருந்து மறைந்த ஒருவரின் காகிதங்களை ஒழுங்குபடுத்தும் வேலை என்னிடம் வந்தது. மாடி அறையில் டிரங்குப் பெட்டிகள், சிவப்புத் துணி சுற்றிய கட்டுகள், கணினி ஒன்று, ஒரு டப்பா நிறைய பிளாப்பிகள் (பழைய கணினித் தகவல் வட்டுகள்). மகன் எல்லாவற்றையும் ஆண்டுவாரியாகப் பிரித்து அடுக்கிவிடலாம் என்றார். கட்டை அவிழ்க்கும் முன்பே அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

காரணம், அந்த எம்.எல்.ஏ. ஊராட்சி வாரியாகக் கட்டி வைத்திருந்தார். ஒரு கட்டில் குடிநீர் கேட்டு ஊர்மக்கள் கொடுத்த மனு, அடியில் கையெழுத்தைவிடக் கைரேகைகள்தான் அதிகம், அதோடு அவர் ஆட்சியருக்கு எழுதிய கடிதத்தின் நகல், வந்த பதில், மனுவின் பின்பக்கம் பென்சிலில் ‘போர் போட்டாச்சு, மோட்டார் வரல’ என்று அவர் கையாலேயே ஒரு குறிப்பு, எல்லாம் ஒரே டேக் கயிற்றில். ஆண்டுவாரியாகப் பிரித்திருந்தால் இவை வேறு வேறு பெட்டிக்குப் போய் அந்த ஊரின் கதையே சிதறியிருக்கும்.

துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்து, ராமபாணப் பூச்சி அரித்த தாள்களைத் தனியே வைத்து, எல்லாவற்றையும் அமிலமற்ற உறைகளில் போட்டோம். பேக்ஸ் தாள்களை மட்டும் முதலில் ஸ்கேன் செய்தோம், வெப்பத்தாள் என்பதால் எழுத்து மங்கிக்கொண்டே போகும்.

உண்மையில் கஷ்டப்படுத்தியது பிளாப்பிகள்தான். மூலையில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளை நகர்த்தி ஓட்டை தெரியும்படி வைத்துவிட்டால் அதில் எதுவும் எழுதப்படாது, அப்படி வைத்த பிறகே முழுப் பிரதி எடுத்தோம். கோப்புகளைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை! 1999-இல் டாம் (TAM), டேப் (TAB) என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டுத் தரங்கள் வந்த பிறகும் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்த காலம் அது. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் கடிதமே இல்லை. நல்லவேளையாக அவருடைய கணினியின் வன்தட்டில் அது இருந்தது, அதையும் சேர்த்தே பத்திரப்படுத்தினோம். அப்புறம் என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற மென்பொருளில், இன்று எல்லாக் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோடுக்கு மாற்றி, கட்டில் இருந்த அச்சுப் பிரதியோடு வரிவரியாக ஒப்பிட்டோம். மாற்றியதை வைத்துக்கொண்டு மூலக் கோப்பை அழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மூலம், யூனிகோடு, பி.டி.எப். மூன்றும் இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் செக்சம் (கோப்பு மாறிவிட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) எடுத்து, ஒரு பிரதியை வேறு ஊரில் வையுங்கள்.

கடைசி வருடங்களின் வாட்ஸ்அப்பை அவருடைய போனிலிருந்தே ஏற்றுமதி செய்தோம், யார் யாரை என்ன பெயரில் சேமித்திருந்தார் என்பது அதில்தானே தெரியும். குடும்பம் சிம்மை ஒப்படைப்பதற்குள் இதை முடித்துவிட வேண்டும்.

மனுக்களில் நோய், குடும்பச் சண்டை, கடன் எல்லாம் இருக்கின்றன. எழுதியவர்கள் பலர் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். அதனால் அந்தப் பகுதியை இப்போதைக்கு யாருக்கும் திறப்பதில்லை என்று குடும்பத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். சட்டமன்ற உரைக் குறிப்புகளும் ஆட்சியருடனான கடிதங்களும் ஆய்வாளர்கள் பார்க்கத் தயார்.