வெக்கையில் கேக் அலங்காரம்: நேரம் மிச்சம் பிடிக்க

ராமநாதபுரம் கடலோரத்தில் கீழக்கரை, மண்டபம் ஊர்கள் பக்கம் மத்தியானம் க்ரீம் அடித்தால் பாதி நேரம் இளகினதைச் சரிசெய்வதிலேயே போய்விடும். விடியற்காலையில் அடியுங்கள், வெக்கை ஏறுமுன் முடிந்துவிடும்.

கேக்கை முதல் நாளே சுட்டு, முழுதாக ஆறியதும் ஒட்டும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். குளிர்ந்த கேக்கை அறுத்தால் தூள் குறைவாகத்தான் உதிரும். சூடு அடங்காமல் சுற்றினால் உள்ளே வேர்த்து மேல்பகுதி பிசுபிசுக்கும்.

அரைக்கிலோ கேக்குக்குச் சுமார் 250 மில்லி விப்பிங் க்ரீம் போதும். ஃப்ரீசரில் இருப்பதை முந்தின ராத்திரியே ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். கிண்ணத்தையும் பீட்டர் கம்பிகளையும் 15 நிமிடம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, நடுத்தர வேகத்தில் அடியுங்கள். வேகத்தைக் கூட்டினால் சீக்கிரம் பொங்கும், ஆனால் காற்றுக்குமிழி நிறைந்து பூசும்போது சொரசொரக்கும். அதைத் தேய்த்துத் தேய்த்து மென்மையாக்க முடியாது. அடிக்காத க்ரீம் இரண்டு ஸ்பூன் கலந்தால் சரியாகும்.

முதலில் மெல்லிய பூச்சு, 20 நிமிடம் குளிர்ச்சி, பிறகு கடைசிப் பூச்சு. இந்த 20 நிமிடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். அந்நேரத்தில் பைப்பிங் பையை (க்ரீமைப் பிழிந்து பூ போடும் பை) உயரமான டம்ளரில் நிறுத்தி, வாயை வெளிப்பக்கம் மடித்து நிரப்பிக்கொள்ளலாம்.

ஃபாண்டன்ட் (கேக்கின் மேல் போர்த்தும் சர்க்கரை மாவு) நம்ம ஊர் ஈரக்காற்றுக்கு வீண்வம்பு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததுமே வேர்த்து ஒட்டும். இரண்டு பங்கு டார்க் சாக்லேட்டுக்கு ஒரு பங்கு க்ரீம் சேர்த்த கனாஷ் எவ்வளவோ தேவலை.