பின்னிணைப்புக்குப் போன குறிப்பு

"இந்த அடிக்குறிப்பு இங்கேயே வேண்டுமா?" என்று மேலதிகாரி கேட்டார். பின்னிணைப்பில் போட்டுவிடலாம் என்று நானே சொன்னேன். அதில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன், ஆனாலும் மனம் ஆறவில்லை.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தின் 102 கவுண்டிகளில் (நம் மாவட்டங்கள் போன்றவை) எங்கே ஆள் கூடுகிறது, எங்கே குறைகிறது என்று காட்டும் வரைபடம் அது. சிகாகோவுக்குத் தென்மேற்கே உள்ள கெண்டல் கவுண்டியில் 2000-ல் 54,544 பேர், 2010-ல் 1,14,736 பேர். அந்தப் பத்தாண்டில் நாட்டிலேயே வேகமாக வளர்ந்த கவுண்டி அதுதான். தெற்குக் கோடியிலிருக்கும் அலெக்சாண்டர் கவுண்டியோ அடுத்த பத்தாண்டில் 8,238-லிருந்து 5,240-க்கு இறங்கியது. விகிதப்படி நாட்டிலேயே பெரிய சரிவு.

குறிப்பு அந்தச் சரிவைப் பற்றியது. 2013 தொடக்கத்தில் அங்கிருந்த டாம்ஸ் சிறை மூடப்பட்டது. வேலைகள் போயின. 2010 கணக்கெடுப்பில் அந்தக் கவுண்டிக்காரர்களாக எண்ணப்பட்ட கைதிகளும் போனார்கள். 2017-ல் அதே கவுண்டியிலுள்ள கேரோ நகரின் எல்ம்வுட், மெக்பிரைட் பொதுக் குடியிருப்புகளை மூடுவதாக மத்திய வீட்டுவசதித் துறை அறிவித்தது. பராமரிப்பில்லாமல் பாழான கட்டடங்கள் அவை. சுமார் 400 பேர், அவர்களில் ஏராளமான குழந்தைகள். வாடகை உதவி கிடைத்தது, ஆனால் ஊருக்குள் குடியேற வீடு இல்லை. ஆற்றைத் தாண்டினால் ஒரு பக்கம் மிசௌரி, மறுபக்கம் கென்டக்கி. பாலம் கடந்து போன குடும்பமும் 'மாநிலத்தை விட்டு வெளியேறியவர்கள்' கணக்கில்தான் சேரும்.

அதுவும் முழுதாகச் சேராது. வருமான வரிப் படிவத்தில் முகவரி மாறுவதை வைத்துத்தான் யார் எங்கே போனார்கள் என்று பார்க்கிறோம். படிவமே தாக்கல் செய்யாத ஏழைக் குடும்பம் அதில் இல்லை. ஒரு கவுண்டியிலிருந்து இன்னொன்றுக்கு 20 படிவங்களுக்குக் குறைவாகப் போயிருந்தால் அந்த எண் தனியாக வெளிவராது.

"ஒரு கவுண்டிக்குக் காரணம் எழுதினால் மற்ற 101 கவுண்டிகளும் கேட்குமே" என்றார் அவர். நியாயம்தான். படம் பார்ப்பவர்களுக்கு நேரமில்லை, குறிப்புகள் குவிந்தால் யாரும் எதையும் படிக்கமாட்டார்கள். சரி என்றேன்.

அறிக்கை கொடுத்த அன்று ஒருவர் அந்தத் தெற்குக் கோடிச் சிவப்பைக் காட்டி, "வரி தாங்காமல் ஓடுகிறார்கள்" என்றார். பின்னிணைப்பைப் பாருங்கள் என்றேன். தலையசைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். குறிப்பு முன்னாலேயே இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார் என்று பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டேன். இருக்கலாம். அப்புறம், வரிக்காகப் போனவர்களே இல்லை என்றும் நான் சொல்ல முடியாது. ஆனால் சிறை மூடியதும் குடியிருப்பு மூடியதும் அரசு எடுத்த முடிவுகள். அவற்றைச் சொல்லாமல் போனவர்களை மட்டும் எண்ணுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்த ஆண்டு வரைபடத்தில் குறிப்பைப் படத்துக்குக் கீழேயே வைத்திருக்கிறேன். கெண்டலுக்கும் ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறேன், 2020-ல் அது 1,31,869-தான், பழைய வேகம் இல்லை. மீதி நூறு கவுண்டிகளைப் பற்றி மேலதிகாரி கேட்டால் சொல்ல இன்னும் பதில் கிடைக்கவில்லை.