ஒரே ரைஃபிள், நாலு வேலை: ஸ்கோப்பும் துணைச்சாமான்களும் தேர்ந்தெடுத்த அனுபவம்

எல்லா வேலைக்கும் ஒரே ரைஃபிள் போதும் என்று முடிவெடுப்பது சுலபம். அதன்மேல் எதை ஏற்றுவது, எதை விடுவது என்று யோசிக்கும்போதுதான் தலைவலி ஆரம்பம். என்னுடையது .308 வின்செஸ்டர் தோட்டா போடும், குட்டைக் குழல் உள்ள, ஒவ்வொரு வெடிக்கும் கையால் தாழ்ப்பாளை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன். வெறும் துப்பாக்கி மட்டும் 2.9 கிலோ. 100 மீட்டரில் காகித இலக்கு, 300 மீட்டர் வரை இரும்புத் தகடு, நின்றும் மண்டியிட்டும் வேகமாகச் சுடும் பயிற்சி, அனுமதியுள்ள பருவத்தில் வேட்டை. இந்த நாலுக்கும் இது ஒன்றுதான்.

கடைப் பட்டியலைத் திறக்கும் முன், இந்த நாலில் எதை எவ்வளவு செய்கிறேன் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நான் சுடுவதில் பெரும்பகுதி 150 மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. 300 மீட்டர் தகடு ஆசைக்காக. அந்த ஆசைக்கு ஏற்றபடி துப்பாக்கியை அலங்கரித்தால் மற்ற மூன்று வேலைக்கும் அது பாரமாகிவிடும். அதனால் இரண்டாவது வரியாக ஓர் எடை வரம்பை எழுதினேன்: ஐந்து தோட்டா, ஸ்கோப், ஸ்லிங் எனும் தோள்வார் எல்லாம் சேர்ந்து 4 கிலோவைத் தாண்டக்கூடாது. அதன்பின் வந்த பாதிக் கேள்விகளுக்கு இந்த ஒரு வரியே பதில் சொல்லிவிட்டது.

எடைக்கு வரம்பு கட்டும் யோசனை என்னுடையதல்ல. அமெரிக்கரான ஜெஃப் கூப்பர் 1980களில் ‘ஸ்கவுட் ரைஃபிள்’ என்ற கருத்தை வளர்த்தபோது, நீளம் ஒரு மீட்டருக்குள், எடை 3 கிலோ அளவில், தோட்டா .308 என்று கறாராக வகுத்தார். 1990களின் கடைசியில் ஆஸ்திரியாவின் ஸ்டெய்ர் நிறுவனம் அந்தக் கருத்தை வைத்தே ஒரு துப்பாக்கியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. குறைந்த உருப்பெருக்கம் உள்ள ஸ்கோப்பைக் கையெட்டும் தூரத்துக்கு முன்னே தள்ளிப் பொருத்துவது கூப்பரின் பாணி. என் கணக்கில் அந்தப் பகுதிக்கு வயதாகிவிட்டது. 1 மடங்கிலிருந்து தொடங்கும் இன்றைய ஸ்கோப்புகள் அதே வேலையை வழக்கமான இடத்தில் உட்கார்ந்தபடியே செய்கின்றன. எடை விஷயத்தில் அவர் காட்டிய கறார்த்தனம் மட்டும் பழசாகவே இல்லை.

சுடுதளத்தில் எனக்குச் சொல்லிக்கொடுக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். எந்த ஸ்கோப் வாங்கலாம் என்று கேட்டேன். “கண்ணாடி இருக்கட்டும் தம்பி, முதல்ல கட்டை ஒனக்குப் பொருந்துதான்னு பாரு” என்றார். தோளிலும் கன்னத்திலும் பதியும் ஸ்டாக்கைத்தான் அவர் கட்டை என்பார். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் அணைத்து, கன்னத்தை வசதியான இடத்தில் வைத்து, அப்படியே கண்ணைத் திறக்கச் சொன்னார். திறந்தால் ஸ்கோப்பின் நடுவில் முழு வட்டமாகக் காட்சி தெரிய வேண்டும். ஓரத்தில் கறுப்புப் பிறை தெரிந்தால் கன்னம் தாழ்ந்திருக்கிறது, இல்லையேல் கழுத்தை நீட்டுகிறோம் என்று அர்த்தம். இரவல் ஸ்கோப் ஒன்றைப் பொருத்திப் பார்த்ததில் எனக்குக் கீழ்ப்பக்கம் பிறை தெரிந்தது. கன்னம் பதியும் இடத்தை ஏறத்தாழ ஒரு விரல் உயர்த்தும் திண்டு ஒன்றைக் கட்டினேன். மொத்தச் செலவில் மிகக் குறைந்ததும், அதிக மாற்றம் தந்ததும் அதுதான்.

இதை யாரும் சொல்வதில்லை: இந்தச் சோதனையைக் காதுக்கவசம் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். ரைஃபிள் வெடிச்சத்தம் குழல்வாய்ப் பக்கம் 160 டெசிபலையும் தாண்டும்; 140 தாண்டினாலே ஒரே வெடியில் செவிக்குச் சேதம் வரலாம். ஆகவே கவசம் இல்லாமல் சுடப்போவதில்லை. தடித்த கவசத்தின் விளிம்பு ஸ்டாக்கில் இடித்தால் கன்னம் தானாக விலகிக்கொள்ளும். வீட்டில் கச்சிதமாக இருந்த பொருத்தம் தளத்தில் காணாமல் போகும். எனக்கு அப்படித்தான் இடித்தது. மெல்லிய மின்னணுக் கவசத்துக்கு மாறினேன். பேச்சைக் கேட்கவிட்டு வெடியை அடக்கும் வகை அது. தளப் பொறுப்பாளரின் கட்டளையும் காதில் தெளிவாக விழுகிறது.

அடுத்து ஸ்கோப். இறுதியில் மூன்று நின்றன: பேட்டரியில் ஒளிரும் சிவப்புப் புள்ளியான ரெட் டாட், 1 முதல் 6 மடங்கு பெரிதாக்கும், 24 மி.மீ. முன்கண்ணாடி உள்ள ஸ்கோப், பழைய நம்பிக்கையான 3–9x40 (3 முதல் 9 மடங்கு, 40 மி.மீ. முன்கண்ணாடி).

ரெட் டாட் முதலில் கழன்றது. இரண்டு கண்ணையும் திறந்தபடி கிட்டத்தில் சுட அதை மிஞ்ச எதுவும் இல்லை, எடையும் குறைவு. ஆனால் எனக்கு அந்தப் புள்ளி புள்ளியாகத் தெரியவில்லை, வால்முளைத்த நட்சத்திரமாக இழுத்துக்கொண்டு தெரிந்தது. கருவிக் கோளாறா, கண் கோளாறா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கைபேசிக் கேமராவை அதன் பின்னால் வைத்துப் படம் எடுங்கள். படத்தில் உருண்டையாக இருந்தால் கோளாறு நம் கண்ணில். எனக்குப் படம் அழகாக உருண்டையாக வந்தது. அஸ்டிக்மாடிசம், அதாவது விழிவளைவு சீராக இல்லாத பார்வைக் குறை. துப்பாக்கிக்குப் பார்க்கப்போய்க் கண்ணாடிக் கடைக்கும் ஒரு நடை ஆயிற்று.

மீதி இரண்டுக்கும் நடந்த போட்டிதான் சுவாரசியம். முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்துசேரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 24 மி.மீ. ஸ்கோப்பை 6 மடங்கில் வைத்தால் 4 மி.மீ. அதே 6 மடங்கில் 40 மி.மீ. ஸ்கோப் ஏறத்தாழ 6.7 மி.மீ. தருகிறது. இருட்டில் இளவயதுக்காரரின் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், வயது ஏற ஏறக் குறையும். நல்ல பகலில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. கண்மணி அப்போது 2, 3 மி.மீ. தான் திறந்திருக்கும். பொழுது சாயும் நேரத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிப் புதரோரம் பார்த்தேன். 3–9இல் கிளையும் நிழலும் தனித்தனியாகத் தெரிந்தன. 1–6இல் இரண்டும் ஒன்றாகக் குழம்பின. மடங்கைக் குறைத்தால் வெளிச்சம் கூடும், உருவம் சிறுக்கும். அந்தியில் மட்டுமே வேட்டைக்குப் போகிறவர் என்றால் யோசிக்காமல் 3–9x40 வாங்கலாம். பெரும்பாலும் விலையும் குறைவு, எடையும் குறைவு.

நான் 1–6ஐ எடுத்தேன். என் தாளில் எழுதிய கணக்கு அப்படி. நின்று வேகமாகச் சுடும் பயிற்சியில் 3 மடங்கு என்பதே அதிகம். கிட்டத்து இலக்கைத் தேடிக் கண் அலையும். 1 மடங்கில் அந்த அலைச்சல் இல்லை. 300 மீட்டர் தகட்டுக்கு 6 மடங்கு தாராளம். 1–8, 1–10 ஏன் வேண்டாம் என்றால், அதே 24 மி.மீ. கண்ணாடியில் 10 மடங்கு வைத்தால் ஒளிவட்டம் 2.4 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். தலை சற்று நகர்ந்தாலும் காட்சி இருண்டுவிடும். மேசையில் சாய்ந்து சுடுகிறவருக்குப் பரவாயில்லை, மண்டியிட்டு மூச்சு வாங்குகிறவருக்கு எரிச்சல்.

ரெட்டிக்கிள் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகள்) விஷயத்தில் இரண்டாம் குவியத் தளத்தில் அமைந்ததை எடுத்தேன். முதல் குவியத் தளம் என்றால் உருப்பெருக்கத்தோடு கோடுகளும் சேர்ந்து பெரிதாகும். எந்த மடங்கிலும் அளவு சரியாக இருக்கும், ஆனால் 1 மடங்கில் முடி போல மெலிந்துபோகும். இரண்டாம் தளத்தில் கோடுகள் ஒரே பருமனில் நிற்கும், தூரத்துக்கேற்பக் குறிவைக்க உதவும் கீழ்க்கோடுகளின் அளவு வழக்கமாக உச்ச மடங்கில் மட்டும் பொருந்தும். தூரத்துத் தகட்டுக்கு எப்படியும் 6இல்தான் வைக்கப்போகிறேன் என்பதால் எனக்கு இது குறையே இல்லை. கண்ணாடியிலேயே பொறித்த கோடுகள் வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். பேட்டரி செத்தாலும் அவை சாகாது.

குறியை எவ்வளவு நகர்த்துவது என்பதற்கான கோண அளவு முறை மில். 100 மீட்டரில் 0.1 மில் என்பது சரியாக 1 சென்டிமீட்டர். மீட்டரில் யோசிக்கிறவனுக்கு இதைவிட எளிது கிடையாது. இன்னொரு கோண அளவான எம்ஓஏ முறையில் ஒரு எம்ஓஏ 100 மீட்டரில் சுமார் 2.9 செ.மீ. அதிலும் தவறில்லை, ரெட்டிக்கிளும் குறியை நகர்த்தும் திருகும் ஒரே முறையில் இருந்தால் போதும். ஒன்று மில், இன்னொன்று எம்ஓஏ என்று கலந்து விற்கும் ஸ்கோப்பைத் தொடவே தொடாதீர்கள்.

ஸ்கோப்பைத் தாங்கும் வளையங்களில் சிக்கனம் பிடிக்கக்கூடாது என்பது பலரும் சொல்வது, உண்மையும்கூட. துப்பாக்கியில் பிக்காட்டினி ரயில் (துணைக்கருவிகள் மாட்டும் பல்வரிசைப் பட்டை) இருந்ததால் வேலை சுலபம். ஸ்கோப் முன்கண்ணாடி குழலில் முட்டாத அளவில் எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வான வளையம் எடுத்தேன். காரணம் இருக்கிறது. என் துப்பாக்கியில் குழலின் நடுவுக்கும் ஸ்கோப்பின் நடுவுக்கும் இடையே சுமார் 4 செ.மீ. 100 மீட்டருக்குப் பூஜ்யம் வைத்த, அதாவது அந்தத் தூரத்தில் குறியும் குண்டும் ஒன்றுசேரும்படி திருத்திய துப்பாக்கி, பத்து மீட்டர் இலக்கில் கிட்டத்தட்ட அந்த அளவு தாழ்வாகவே அடிக்கும். உயரமான வளையம் என்றால் அந்த வித்தியாசமும் கூடும், கன்னத்திண்டும் இன்னும் உயர வேண்டும்.

பொருத்தும் வேலையை நானே செய்தேன். முதலில் போல்ட்டைக் கழற்றி, அறையில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொண்டேன். பிறகு, உச்ச மடங்கில் வைத்துக் கண்ணிலிருந்து ஸ்கோப் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று நின்றும் பார்த்தேன், படுத்தும் பார்த்தேன். படுத்துச் சுடும்போது முகம் தானாக முன்னே வரும். நின்றபடி மட்டும் அளந்து இறுக்கினால், படுத்துச் சுடும் முதல் வெடியில் ஸ்கோப் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும், இலகுவான .308 நல்ல உதை உதைக்கும். ரெட்டிக்கிள் நேராக நிற்க, தூரத்துச் சுவரில் கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். துப்பாக்கியை ரசமட்டம் வைத்து நேராக நிறுத்தி, நடுக்கோட்டை அந்த நூலோடு ஒட்டவைத்தேன். வளையத் திருகுகளுக்குத் தயாரிப்பாளர் சொன்ன இறுக்கம் 2 நியூட்டன் மீட்டர். கைக்கு அது ஒன்றுமே இல்லாதது போல இருக்கும்; அளவுகாட்டும் டார்க் திருப்புளி இல்லாவிட்டால் எல்லாரும் அதிகமாகத்தான் முறுக்குவார்கள், ஸ்கோப் குழாய் நசுங்கும். ஒரு திருகை முழுதாக முறுக்காமல், குறுக்காக மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஒவ்வொரு திருகுத் தலையிலும் வளையத்திலும் சேர்த்து ஒரு மெல்லிய வெள்ளைப் பெயிண்ட் கோடு போட்டேன். கோடு உடைந்தால் திருகு நகர்ந்திருக்கிறது.

பூஜ்யம் வைப்பதற்கு முதலில் 25 மீட்டர், பிறகு 100 மீட்டர். ஒரு குண்டைப் பார்த்துத் திருகைத் திருப்பாமல், மூன்று குண்டின் நடுவைப் பார்த்துத் திருப்பினால் தோட்டா மிச்சம். அதோடு நிறுத்தாமல் ஸ்கோப்பைச் சோதித்தேன். உயரமான தாளில் தூக்குக்குண்டு நூலை ஒட்டி ஒரு கோடு வரைந்து, அதன் அடியில் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளியைக் குறிவைத்து, 100 மீட்டரில் 5 மில் மேலே திருப்பிச் சுட்டால் குண்டு 50 செ.மீ. மேலே, கோட்டின்மீதே விழ வேண்டும். திரும்பப் பூஜ்யத்துக்கு வந்தால் புள்ளியிலேயே விழ வேண்டும். என்னுடையது இரண்டிலும் தேறியது. உயரம் குறைந்தால் திருகின் கணக்கு பொய். கோட்டை விட்டு விலகினால் ஸ்கோப் சாய்ந்திருக்கிறது. என் தோட்டா 100 மீட்டர் பூஜ்யத்தில் 200 மீட்டருக்குச் சுமார் 10 செ.மீ., 300 மீட்டருக்குச் சுமார் 40 செ.மீ. இறங்குகிறது. தோட்டா மாறினால் இதுவும் மாறும். ஆகவே ஒரே வகைத் தோட்டாவில் நின்றுவிட்டேன்.

ஸ்லிங் பற்றி இரண்டு வார்த்தை. தோளில் மாட்ட மட்டும் அது என்று நினைத்தால் பாதி பயன்தான். இரண்டு முனையிலும் கட்டி, ஒரே இழுப்பில் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை வாங்கினேன். மண்டியிடும்போது இடது முழங்கை மேல் சுற்றி இறுக்கினால் நடுக்கம் கண்கூடாகக் குறைகிறது. குழல் ஸ்டாக்கைத் தொடாமல் தனியாக நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் ஸ்லிங்கின் இழுப்பே குண்டை இடம் மாற்றிவிடும். ஒரு காகிதத் துண்டைக் குழலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே உருவிப் பார்த்தால் தெரியும்.

துப்பாக்கியின் முன்பக்கத்தைத் தாங்கும் இரட்டைக் காலான பைபாட் 400 கிராம். தோட்டாவோடு சேர்த்து 3.8 கிலோவில் நிற்கும் துப்பாக்கியை அது வரம்பு தாண்ட வைக்கிறது. அதனால் பைபாட் பையில், தகட்டு நாளில் மட்டும் மாட்டல். குழல்வாயில் மாட்டும் பிரேக் உதையைக் குறைக்கும்தான், பக்கத்தில் சுடுகிறவரின் காதைப் பதம் பார்க்கும், வேண்டாம் என்றுவிட்டேன். துப்பாக்கியில் பொருத்தும் டார்ச் விளக்கும் வேண்டாம். எதைப் பார்க்க வேண்டுமோ அதன்மேல் துப்பாக்கியை நீட்ட வேண்டியிருக்கும்; தேடுவதற்குக் கையில் தனி விளக்கு இருக்கட்டும். இரவுக் காட்சிக் கருவி, லேசர், ஒலி அடக்கி இவையெல்லாம் நாட்டுக்கு நாடு சட்டம் மாறுபவை. கடைக்காரர் சொல்வதை வைத்து வாங்காமல், உரிமம் தரும் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இனி மாற்றுவதாக இருந்தால் விசை (டிரிகர்) ஒன்றுதான். இப்போது சற்றுக் கனமாக இழுக்கிறது. அதை நானே கழற்றப்போவதில்லை. உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதாளரிடம் கொடுத்து, ஒன்றரை கிலோ இழுப்புக்குக் கீழே இறக்காமல் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.